நைட்ரஜனை எங்கே நிறுத்துவது? கரிம நைட்ரஜன் சேர்மங்களும் அவற்றின் பெயர்களும்

1826இல் ஓட்டோ உன்வெர்டோர்பென் என்ற ஜெர்மானியர் அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்தார். எண்ணெய் போன்ற ஒரு காரப்பொருள் கிடைத்தது. அமிலங்களோடு சேர்ந்து நல்ல படிகங்களைத் தந்ததால் அதற்குக் ‘கிறிஸ்டலின்’ என்று பெயர் வைத்தார். 1834இல் ஃபிரீட்லீப் ரூங்கே நிலக்கரித் தாரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். சலவைத்தூள் பட்டதும் அது நீலமாக மாறியது, அதனால் ‘கயனோல்’. அவுரி நீலத்தை எரிபொட்டாஷுடன் சூடாக்கிய ஃபிரிட்ஷே, தனக்குக் கிடைத்ததை ‘அனிலின்’ என்றார். அவுரியைப் போர்த்துகீசியர் ‘அனில்’ என்பார்கள். அரபு வழியாகப் போன நம் ‘நீல’மேதான் அது. 1842இல் ருஷ்யாவின் கசானில் நிக்கோலாய் ஜினின் நைட்ரோபென்சீனை ஒடுக்கிப் பெற்ற பொருளுக்குப் ‘பென்சிடாம்’ என்று பெயர். அடுத்த ஆண்டே, இந்த நான்கும் ஒரே சேர்மம் என்று ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன் நிறுவினார். பிழைத்தது அனிலின் என்ற பெயர். தமிழ்ப் பாடநூல்களில் அது அனிலீன்.

அந்த நால்வரும் கவனக்குறைவானவர்கள் அல்லர். ஒருவர் படிகத்தைப் பார்த்தார், ஒருவர் நிறத்தை, ஒருவர் மூலச் செடியை, ஒருவர் தயாரித்த வழியை. மூலக்கூறுக்குள் அணுக்கள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பது எவருக்கும் தெரியாத காலத்தில் வேறு எதைப் பார்த்துப் பெயர் வைப்பது? கட்டமைப்பு தெரிந்தபின் இந்தக் குழப்பம் தீர்ந்திருக்க வேண்டும். மற்றக் கரிமச் சேர்மங்களில் பெருமளவு தீர்ந்தும் போனது. நைட்ரஜன் சேர்மங்களில் மட்டும் குழப்பம் வேறு உருவில் தங்கிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் ‘கரிம நைட்ரஜன் சேர்மங்கள்’ பாடத்துக்கு வந்ததும், அதுவரை பெயரிடுதலில் தடுமாறாத மாணவர்களும் தடுமாறுவதற்குக் காரணம் அதுதான். நைட்ரஜனுக்கு மூன்று பிணைப்புகள் உண்டு. அது சங்கிலியின் ஓரத்தில் மட்டும் நிற்பதில்லை. நடுவில் நிற்கும், வளையத்துக்குள் புகும், தன்னைச் சுற்றியே மூன்று சங்கிலிகளைக் கட்டிக்கொள்ளும். அப்போது பெயரின் தலைமையை யாருக்குக் கொடுப்பது, கார்பன் சங்கிலிக்கா, நைட்ரஜனுக்கா? இந்த ஒரு கேள்விக்கு இரண்டு நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட வெவ்வேறு விடைகளின் குவியலையே நாம் இன்று பெயர்களாகப் படிக்கிறோம்.

முதலில் சொற்களின் வேர்களைப் பார்த்துவிடலாம். அவை நான்கே. லிபியப் பாலைவனத்தில் இருந்த அமுன் கோயிலின் பெயரால் வழங்கிய நவச்சாரத்திலிருந்து அமோனியா வந்தது. அமைடு, அமீன், இமீன், அம்மோனியம் எல்லாம் அதன் குடும்பம். சுவாசிக்க உதவாத காற்று என்பதால் லவாய்சியே நைட்ரஜனை ‘அசோட்’, அதாவது உயிரற்றது, என்றார். அசோ, டயசோ, அசைடு, அசா ஆகியவை அங்கிருந்து வந்தவை. வெடியுப்பை உண்டாக்குவது என்ற பொருளில் 1790இல் ஷாப்தால் ‘நைட்ரஜன்’ என்றார். நைட்ரோ, நைட்ரோசோ, நைட்ரைல் அதன் வழி. பிரஷ்ய நீலச் சாயத்திலிருந்து கிடைத்த தொகுதிக்கு 1815இல் கே-லுசாக் இட்ட சயனோஜன் நான்காவது. இந்தப் பிரிவினை வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. அமோனியாக் குடும்பப் பெயர் என்றால் நைட்ரஜன் ஹைட்ரஜனோடோ கார்பனோடோ அடக்கமாக இருக்கிறது. நைட்ரோ, நைட்ரோசோ என்றால் ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறது. ‘அசோ’ என்றால் நைட்ரஜனோடு நைட்ரஜன் பிணைந்திருக்கிறது. ‘அசா’ என்றால் கார்பனின் இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்திருக்கிறது. விதிவிலக்குகள் இருந்தாலும் ஒரு பெயரை முதன்முதலாகப் பார்க்கும்போது இந்தக் கணிப்பு பெரும்பாலும் ஏமாற்றாது.

1849இல் பாரிஸில் வூர்ட்ஸ், மெத்தில் அமீனையும் எத்தில் அமீனையும் கண்டுபிடித்தார். வாடை அமோனியாவைப் போல; ஆனால் நெருப்பைக் காட்டினால் எரிந்தது. இதை ஒரு கோட்பாடாக விரித்தவர் ஹோஃப்மன். அமோனியாவின் மூன்று ஹைட்ரஜன்களில் ஒன்றை எடுத்துவிட்டுக் கார்பன் தொகுதியை வைத்தால் ஓரிணைய அமீன், இரண்டை மாற்றினால் ஈரிணைய அமீன், மூன்றையும் மாற்றினால் மூவிணைய அமீன். நான்காவது தொகுதியும் சேர்ந்தால் நான்கிணைய அம்மோனிய உப்பு. இந்தப் பார்வையில் தலைமை நைட்ரஜனுக்கு. சேர்மம் என்பது உடை மாற்றிய அமோனியா. டிரைஎத்தில் அமீன் என்ற பெயரைச் சொன்னவுடன், நடுவில் நைட்ரஜனும் சுற்றிலும் ஒரே மாதிரியான மூன்று எத்தில் தொகுதிகளும் கண்முன் வந்துவிடுகின்றன.

இங்கே மாணவர்கள் ஆண்டுதோறும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆல்கஹாலில் ஓரிணையம், மூவிணையம் என்று பிரிக்கும்போது நாம் எண்ணுவது ஹைட்ராக்சில் தொகுதி ஒட்டியிருக்கும் கார்பனின் கிளைகளை. அமீனில் எண்ணுவது நைட்ரஜனின் கிளைகளை. ஆகவே மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால் ஒரு மூவிணைய ஆல்கஹால். ஆனால் மூவிணைய பியூட்டைல் அமீன் ஓர் ஓரிணைய அமீன். பெயருக்குள்ளேயே ‘மூவிணைய’ என்று எழுதியிருந்தும், அந்த நைட்ரஜனில் இரண்டு ஹைட்ரஜன்கள் அப்படியே இருக்கின்றன. பாடநூல்கள் இதை ஒரு குறிப்பாக எழுதிக் கடந்துவிடுகின்றன. என் கருத்தில் அமீன் பாடம் இந்த எடுத்துக்காட்டிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரே சொல்லை இரண்டு அளவுகோல்களுக்குப் பயன்படுத்துகிறோம் என்று முதல் நாளே தெரிந்துவிட்டால் மீதிக் குழப்பம் பாதியாகக் குறையும்.

மற்ற விடை, கார்பன் சங்கிலியைத் தலைமையாகக் கொள்வது. எத்தேன் என்ற ஹைட்ரோகார்பனின் கடைசியில் ‘அமீன்’ என்ற பின்னொட்டைச் சேர்த்தால் எத்தனமீன். சங்கிலியில் இடம் சொல்ல வேண்டியிருந்தால் புரப்பேன்-2-அமீன். 1892இல் ஜெனீவாவில் கூடிய வேதியியலாளர்கள் கரிமச் சேர்மங்களுக்கு வகுத்த பொது நெறியோடு இது ஒத்துப்போகிறது. ஆல்கஹாலை எத்தனால் என்றும் அமிலத்தை எத்தனாயிக் அமிலம் என்றும் சொல்கிறவர்கள் அமீனை மட்டும் வேறு வழியில் சொல்வானேன்? அமெரிக்காவின் ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ அட்டவணை 1972இலிருந்து இதைக் கறாராகக் கடைப்பிடித்து, அனிலீனைக்கூடப் பென்சனமீன் ஆக்கியது. பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐயூபேக் 2013இல் வெளியிட்ட பரிந்துரைகளில் எத்தனமீனை முதன்மைப் பெயராக ஏற்றது. ஆனால் அனிலீனைத் தொடவில்லை. அதற்கு அனிலீன்தான் இன்றும் முதன்மைப் பெயர்.

இந்த முறையில் நைட்ரஜனின் மற்ற இரண்டு கைகளில் இருப்பவற்றைச் சொல்ல ஒரு தனி உத்தி வேண்டியிருந்தது. கார்பன்களுக்கு எண்கள் இருக்கின்றன. நைட்ரஜனுக்கு அதன் குறியீடான ‘என்’ எழுத்தே இட எண்ணாகிறது. டைமெத்தில் அமீன், ‘என்’-மெத்தில்மெத்தனமீன் ஆகிறது. டிரைஎத்தில் அமீன், ‘என்’,‘என்’-டைஎத்தில்எத்தனமீன். விதி சரி, பிழை ஏதுமில்லை. ஆனாலும் மூன்றும் ஒரே தகுதியுடைய எத்தில் தொகுதிகளாக இருக்க, ஒன்றைத் தலைவனாக்கி மற்ற இரண்டைப் பதிலிகளாக்கும்போது மூலக்கூறின் சமச்சீர் பெயரில் தொலைந்துபோகிறது. இங்கே ஹோஃப்மனின் பெயரே உண்மைக்கு நெருக்கமானது என்று நினைக்கிறேன். கிளைகள் வெவ்வேறாகச் சிக்கலாகும் சேர்மங்களில் அவர் முறை திணறும். அங்கே புதிய முறை இல்லாமல் முடியாது. ஆய்வகத்தில் இரண்டு பெயர்களும் அருகருகே புழங்குவதைப் பழக்கத்தின் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஒரே மூலக்கூறில் பல வினைச்செயல் தொகுதிகள் இருந்தால் எது பின்னொட்டாகும் என்பதற்கு ஐயூபேக் ஒரு முன்னுரிமை வரிசை வைத்திருக்கிறது. அமிலம், எஸ்டர் ஆகியவற்றுக்குப் பின் அமைடு, அதன்பின் நைட்ரைல், ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால்; அதற்கும் கீழேதான் அமீன். மேலானது ஒன்று இருந்துவிட்டால் அமீன் தன் பின்னொட்டை இழந்து ‘அமினோ’ என்று முன்னால் போய்விடும். மூளையில் நரம்புகளின் கிளர்ச்சியைத் தணிக்கும் காபா, 4-அமினோபியூட்டனாயிக் அமிலம் என்று எழுதப்படுவது அதனால்தான். நைட்ரோ தொகுதிக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. எத்தனை இருந்தாலும் அது முன்னொட்டுதான்: டிஎன்டி வெடிமருந்து, 2-மெத்தில்-1,3,5-டிரைநைட்ரோபென்சீன். நைட்ரோகிளிசரின் என்ற பெயரோ முற்றிலும் தவறான வழிகாட்டி. அதில் நைட்ரஜன் கார்பனோடு நேரடியாக இணையவில்லை, ஆக்சிஜன் வழியாக இணைந்திருக்கிறது. அது நைட்ரோ சேர்மம் அல்ல, நைட்ரிக் அமிலத்தின் எஸ்டர். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் ஐசோசார்பைடு டைநைட்ரேட்டும் அதே இனம்தான். அதன் பெயர் மட்டும் உண்மையைச் சொல்கிறது.

சயனைடுகளில் சிக்கல் வேறு வகை. மெத்தில் சயனைடு, அசிட்டோநைட்ரைல், எத்தேன்நைட்ரைல் மூன்றும் ஒரே திரவம். மெத்தில் சயனைடு என்னும்போது நைட்ரஜனைப் பிடித்திருக்கும் கார்பனைச் சயனைடின் சொத்தாக வைக்கிறோம். எத்தேன்நைட்ரைல் என்னும்போது அதே கார்பனைச் சங்கிலியில் முதல் எண்ணாகச் சேர்த்துவிடுகிறோம். அதையும் கணக்கில் எடுக்காத மாணவர் ஒரு கார்பனைக் குறைத்தோ கூட்டியோ எழுதுவார். ‘நைட்ரைல்’ என்றால் கார்பன் உள்ளே, ‘சயனைடு’ என்றால் வெளியே என்று மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். ஐசோசயனைடில் கார்பனும் நைட்ரஜனும் இடம் மாறி, நைட்ரஜன் வழியாக இணைப்பு வருகிறது. ஓரிணைய அமீனைக் கண்டறியும் கார்பைலமீன் சோதனையில் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அதனுடையது. ஐசோசயனேட்டில் அந்தக் கார்பனோடு ஓர் ஆக்சிஜனும் சேர்கிறது. இவை ஓரெழுத்து, ஈரெழுத்து வேறுபாடுகள். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். பாதிக்கப்பட்டவர்களின் உடலில் சயனைடு நச்சும் இருந்ததா, அதற்கு முறிவான சோடியம் தயோசல்பேட்டைக் கொடுக்கலாமா என்ற சர்ச்சை மருத்துவர்களிடையே கடுமையாக நடந்தது. சயனைடு, ஐசோசயனைடு, ஐசோசயனேட் ஆகிய மூன்றும் உடலில் ஒரே மாதிரி நடப்பவை அல்ல. பேச்சில் எல்லாம் ‘சயனைடு’ என்று சுருங்கிவிட்டால் எதற்கு எந்தச் சிகிச்சை என்ற கேள்வியே மங்கிவிடும்.

இயற்கைப் பொருள்களின் பெயர்களில் ‘ஈன்’ அல்லது ‘இன்’ என்று முடிவது, காரத்தன்மை உள்ள நைட்ரஜன் சேர்மத்துக்கான அடையாளமாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிலைத்தது. மார்ஃபீன், எட்டிக்கொட்டையின் ஸ்டிரிக்னின், சிங்கோனாப் பட்டையின் குயினின், புகையிலையின் நிக்கோட்டின் எல்லாம் அப்படி வந்தவை. நம் மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரீனை 1819இல் பிரித்தவர் ஓர்ஸ்டெட். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று கண்டறிந்த அதே ஓர்ஸ்டெட். முடிவு ‘ஈன்’ என்றிருந்தாலும் பைப்பரீன் காரமாக நடந்துகொள்வதில்லை. அதன் நைட்ரஜன் ஒரு கார்பனைல் தொகுதியை ஒட்டியிருக்கிறது, அது அமைடு. நைட்ரஜனின் தனி இணை எலெக்ட்ரான்களைக் கார்பனைல் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அமிலத்துக்குக் கொடுக்க அதனிடம் மிச்சமில்லை. பைப்பரீனை எரிகாரத்தோடு கொதிக்கவைத்து அந்தப் பிணைப்பை உடைத்தால் வெளிவரும் பைப்பரிடின் வலுவான காரம். அமீனுக்கும் அமைடுக்கும் உள்ள தூரத்தைக் காட்ட இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதுவும் நம் அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது.

வளையங்களுக்குள் நைட்ரஜன் புகும்போது பழம்பெயர்களின் ஆட்சி இன்னும் பலமானது. ரூங்கே தாரிலிருந்தே கண்ட பிர்ரோல், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த பைன் குச்சியைச் சிவப்பாக்கியதால் அந்தப் பெயர் பெற்றது. எலும்பு எண்ணெயிலிருந்து ஆண்டர்சன் எடுத்த பிரிடின், நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அமைந்தது. இவற்றுக்கு முறையான மாற்று ஒன்றை 1880களில் ஹான்ட்ஷும் விட்மனும் தனித்தனியே அமைத்தனர். நைட்ரஜனுக்கு ‘அசா’ என்ற முன்னொட்டு. ஐந்தணு வளையத்துக்கு ‘ஓல்’, ஆறணு வளையத்துக்கு ‘ஈன்’ என்ற முடிவு. 1,3-டயசோல் என்றால் ஐந்தணு வளையத்தில் ஒன்றாம், மூன்றாம் இடங்களில் நைட்ரஜன். அதன் வழக்குப் பெயர் இமிடசோல். 1,3,5-டிரையசீன் என்றால் ஆறணு வளையத்தில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்று நைட்ரஜன்கள். அந்த வளையத்தின் மூன்று கார்பன்களிலும் அமினோ தொகுதியை வைத்தால் மெலமின்: 1,3,5-டிரையசீன்-2,4,6-டிரைஅமீன். பெயரிலேயே ஆறு நைட்ரஜன்கள் தெரிகின்றன. எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். பாலில் புரதத்தை அளக்கப் பயன்படும், 1883இல் கெல்டால் தந்த முறை புரதத்தை அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, பாலுக்கு 6.38ஆல் பெருக்குகிறது. 2008இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமினைச் சேர்த்தவர்கள் இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்தார்கள்.

விதிகளுக்கு அடங்காத வளையம் பியூரின். இரண்டு வளையங்கள் ஒட்டிய அமைப்புகளுக்கு எண்கள் ஓரமாகச் சுற்றி வர வேண்டும் என்பது விதி. பியூரினில் மட்டும் முதலில் ஆறணு வளையம் முழுதும் எண்ணப்பட்டு, பிறகு ஐந்தணு வளையத்துக்குப் போகிறோம். எமில் ஃபிஷரின் காலத்திலிருந்து வந்த எண்வரிசையை மாற்றினால் உயிர்வேதியியலின் அத்தனை நூல்களையும் திருத்த வேண்டியிருக்கும். ஐயூபேக் அதை விட்டுவைத்தது, நல்ல முடிவு. காப்பியில் உள்ள கஃபீன், மூன்று மெத்தில் தொகுதிகளைச் சுமந்த பியூரின். அதையும் முதலில் பிரித்தவர் ரூங்கேதான். தேயிலையில் கிடைத்ததைத் ‘தேயின்’ என்று தனியாக அழைத்துவந்தார்கள்; 1838இல் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. அதிலிருந்து ஒரு மெத்தில் தொகுதி குறைந்தால் கொக்கோவின் தியோபுரோமின். அதில் புரோமின் அணு ஒன்றுகூட இல்லை. கொக்கோ மரத்தின் தாவரவியல் பெயரான தியோபுரோமாவிலிருந்து வந்த பெயர் அது.

மருந்துக் கடையில் இந்தப் பெயரிடல் மக்களின் வாய்க்கு வருகிறது. காய்ச்சல் மாத்திரையை நாம் பாராசிட்டமால் என்கிறோம், அமெரிக்கர் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். இரண்டும் பாரா-அசிட்டைல்அமினோஃபீனால் என்ற ஒரே வேதிப்பெயரிலிருந்து அங்கங்கே எழுத்துகளைப் பொறுக்கிக் கட்டியவை. டைலெனால் என்ற வணிகப் பெயரும் அப்படியே. முறையான பெயர் ‘என்’-(4-ஹைட்ராக்சிஃபீனைல்)அசிட்டமைடு. இங்கே தலைமை அமைடுக்குப் போய், ஃபீனால் பதிலியாகிவிட்டது.

பெயரைப் படிக்கத் தெரிவது எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு அண்மைக்கால வழக்கு ஒன்று உண்டு. நைட்ரஸ் அமிலத்தோடு ஓரிணைய அமீன் டயசோனியம் உப்பைத் தரும். அனிலீனும் அதன் இனத்தவையும் தரும் அந்த உப்புகளிலிருந்துதான் ஆய்வகத்து மெத்தில் ஆரஞ்சு வரையிலான அசோ சாயங்கள் பிறந்தன. ஈரிணைய அமீன் தருவது ‘என்’-நைட்ரோசோ அமீன். இந்த இனத்தில் பல, விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்குபவை. டைமெத்தில் அமீனிலிருந்து வருவது ‘என்’-நைட்ரோசோடைமெத்தில் அமீன், சுருக்கமாக என்டிஎம்ஏ. 2018 ஜூலையில் இரத்த அழுத்த மருந்தான வால்சார்டனில் அது இருப்பது வெளிப்பட்டுப் பல நாடுகள் மருந்தைத் திரும்பப் பெற்றன. சீனாவில் ஓர் ஆலை தயாரிப்பு முறையை மாற்றி, எஞ்சிய அசைடை அழிக்கச் சோடியம் நைட்ரைட்டைச் சேர்த்திருந்தது. கரைப்பானாக இருந்தது ‘என்’,‘என்’-டைமெத்தில்ஃபார்மமைடு. அந்தப் பெயருக்குள் டைமெத்தில் அமீன் வெளிப்படையாகவே உட்கார்ந்திருக்கிறது. அமைடு பிணைப்பு உடைந்தால் அது வெளியே வந்துவிடும். நைட்ரைட் பக்கத்திலேயே காத்திருந்தது.

மறு ஆண்டு ரானிடிடின் மாட்டியது. நெஞ்செரிச்சலுக்கு நம் ஊரில் கேட்டவுடன் கொடுத்த மாத்திரை. இங்கே வெளியிலிருந்து எதுவும் கலக்கத் தேவையில்லை; மூலக்கூறே சிதைந்து என்டிஎம்ஏவைத் தந்தது, இருப்பு வைத்த காலமும் வெப்பமும் கூடக்கூட அதன் அளவு ஏறியது. ரானிடிடினின் முழுப்பெயரை விரித்து எழுதினால் ஒரு முனையில் டைமெத்தில்அமினோ, மறு முனையில் நைட்ரோஈத்தீன். 2020 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ரானிடிடினை முழுவதுமாகச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. 2022இல் இந்தியா அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதே வேலையைச் செய்யும் நைசாடிடினின் பெயரிலும் இந்த இரண்டு துண்டுகளும் உண்டு. அதன் சில தயாரிப்புத் தொகுதிகளிலும் என்டிஎம்ஏ அகப்பட்டதால் அவை திரும்பப் பெறப்பட்டன. ஃபாமோடிடினின் பெயரில் டைமெத்தில்அமினோவும் இல்லை, நைட்ரோவும் இல்லை. அமெரிக்க நிர்வாகம் சோதித்துப் பார்த்த ஃபாமோடிடின் மாத்திரைகளில் என்டிஎம்ஏ இல்லை.